சுழலும் திரை

ஐப்பசி, வெள்ளி இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தா ஒருக்களித்தே படுத்திருக்கிறார். செல்போனில் செய்தி படிப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். இன்று காலை என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். “போனைச் சாய்ச்சா எழுத்தும் திரும்பிக்குதும்மா. படிக்கவே முடியல.”

அவர் படிக்கும் செய்திச் செயலியை வடிவமைப்பது எங்கள் நிறுவனம்தான். திரை சுழலாமல் நிறுத்தும் பொத்தானைப் போன வாரம் எடுத்துவிட்டோம்; போனில் உள்ள சுழற்சிப் பூட்டும் இந்தச் செயலிக்குள் வேலை செய்யாது. “அது யாருக்குத் தேவை?” என்று கூட்டத்தில் கேட்டவள் நான்.

“புது அப்டேட் அத்தா. யாரோ மாத்திட்டாங்க” என்றேன்.

“படுத்துக் கிடக்கறவனும் படிப்பான்னு அவங்களுக்குத் தெரியாது, பாவம். நீ எடுத்துச் சொல்லும்மா.”

மேலாளரிடம் போனில் சொன்னேன். அடுத்த வருடம் பார்க்கலாமாம். இங்கே திருவிடைமருதூரில் ஒருவர் படுத்தபடி படிக்க முடியாதது அவருக்குப் பெரிதில்லை. போன வாரம் எனக்கும் பெரிதாக இருக்கவில்லை. அத்தா போனை அணைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.