எந்தக் கால் என்று அப்பா கேட்கிறார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். முயல் பொம்மையின் வயிற்றில் எல்லாத் தையலும் வெள்ளை நூலில் இருக்க, ஓரிடத்தில் மட்டும் சிவப்பு நூல் இருந்தால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். எந்தச் சோம்பேறி தைத்தாள் இதை என்று திட்டிக்கொண்டே பிரித்துவிடுவீர்கள். அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தை உள்ளே வைக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். பதில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனிலும் இதைப் பற்றிப் பேசாதீர்கள். ஆபீஸ் அறையில் ஸ்பீக்கரைப் போட்டு எல்லோரும் சுற்றி நின்றுதான் கேட்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் இப்போது கணக்கு டீச்சர் வீட்டுக் குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் தூங்கிவிட்டார். அவருடைய குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுதுவேன். அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் வீட்டில் அப்பாவோடு இருக்க வேண்டியவள் டீச்சர் வீட்டில் என்ன செய்கிறாள் என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நல்ல செய்திகளை எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத முடியாமல் போய்விடும்.

உங்கள் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஆயா வேலையை இன்னும் ஆள் வைக்காமல் டீச்சர்களே முறை போட்டுப் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கணக்கு டீச்சர் முறை. அவர் மூக்குத் துடைத்துவிடுவதைப் பார்த்தால் ஏதோ கோணம் அளப்பது போல இருக்கும். ஒரு குட்டிப் பையன் அவரிடம், "நீங்க புது ஆயாவா? பழைய ஆயாதான் நல்லாத் துடைப்பாங்க" என்று சொல்லிவிட்டான். டீச்சர் அதை ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பழைய ஆயா அடுத்த வருஷம் டீச்சராக வருவார் என்று அவனிடம் சொன்னாராம். அப்படியென்றால் யார் துடைப்பார்கள் என்று அவன் அழுதானாம்.

இந்தப் பார்சலில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம். உங்களுடைய கடைசிப் பரீட்சைக்குப் பாடம் நடத்திக் காட்ட முயல் கதை எடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து சாயங்காலம் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. அட்டைக் கடிகாரம் பெரிய மேடம் வெட்டியது. ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தரிக்கோல் பிடித்து நான் பார்த்ததே இல்லை. முள் இரண்டும் ஒரே நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். படம் எல்லாம் கம்ப்யூட்டர் சார் அச்சடித்தது. கேரட்டுக்குச் சாயம் பூசியது விளையாட்டு சார். அவர் மீசையிலும் கொஞ்சம் ஆரஞ்சு இருந்தது. முயலுக்குப் பஞ்சு அடைப்பது என் வேலை.

தோட்டக்காரராக இருந்தவர் இப்போது ஆபீஸ் கிளார்க்காக இருப்பதும், சமையல் அக்கா நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு நம் பள்ளி நோயறைக்கே வந்ததும் இப்படித்தான் என்று பெரிய மேடம் காலை ஜெபத்தில் சொன்னார். ஒருவர் படிக்கப் போனால் மற்றவர்கள் அவருடைய வேலையைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் இந்தப் பள்ளிக்கூடம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அம்மா. இதை எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

முதல் தடவை நீங்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது ஞாபகம் இருக்கும். யாரோ போன் பண்ணிச் சொன்னார்கள். நீங்கள் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். நான் ஒரு வாரத்தில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன். உங்கள் இடம் போய்விட்டது. அப்போது நீங்கள் ஆசிரியர் அறையில் அழுதுகொண்டே, "நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே, பாத்துக்க மாட்டீங்களா? எனக்கு எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டீர்கள். அந்த வார்த்தையை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் பேசிப் பேசி உங்களுக்கு இரண்டாவது தடவை இடம் வாங்கிக் கொடுத்தார் பெரிய மேடம். மூன்றாவது தடவை கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் அப்பா விஷயத்தை உங்களிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இருமல் என்று சொன்னோமே, அது பள்ளி வேன் தூசியால் வந்தது இல்லை. நுரையீரலில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை படுக்க வைத்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டு மாடிப்படி ஏற முடியாது என்பதால் வேன் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் விருந்தினர் அறையைப் பெரிய மேடம் ஒழித்துக் கொடுத்தார். அப்பா ஓட்டிய வேனை இப்போது விளையாட்டு சார் ஓட்டுகிறார். அவர் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் அப்பா படுத்தபடியே கண்ணை இறுக்கிக்கொள்வார். "வண்டியை அழ வைக்கிறான்யா" என்பார்.

ராத்திரி ஒருவர் மாற்றி ஒருவர் அவரோடு உட்காருகிறார்கள். என்னை உட்கார விடவில்லை. படிக்கிற பிள்ளை தூங்க வேண்டும் என்று கணக்கு டீச்சர் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்க்கிறேன். தினம் தலை வாரிவிடுகிறேன். முடி அதிகம் இல்லை.

யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று கேட்டது அப்பாதான். எல்லோரையும் ஜெப அறைக்கு வரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பாடம் நடத்தி முடிக்கட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்றார். பெரிய மேடம் அவர் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு சரி என்றார். ஒவ்வொருவராக வாக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அப்பா என்னைப் பார்த்தார். நானும் கொடுத்தேன். இப்போது அதை மீறிக்கொண்டிருக்கிறேன். மீறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம் என்றால், கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்தவர்களாகவே இருக்கிறார்கள்.

இவ்வளவு மட்டும் என்றால் நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். நானும் நீங்கள் டீச்சர் ஆகவேண்டும் என்றுதான் ஜெபம் பண்ணுகிறேன்.

ஆனால் போன வாரம் பாட்டு அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் உட்கார்ந்து முயலுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் சார் வந்தார். பின்னாலேயே பெரிய மேடமும் வந்தார். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சார் கதவைச் சாத்தி, செல்போனில் பதிவு செய்ய ஆரம்பித்தார்.

அப்பா உங்களோடு பேசினார் அம்மா. நீங்கள் இல்லாமலே பேசினார். "என்ன டீச்சரம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். எதற்கு நிறுத்தினார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நீங்கள் பதில் சொல்வதற்காக இடம் விட்டிருந்தார். பிறகு, "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு. வாலு பக்கத்துலதான் நிக்கிறா" என்றார். மறுபடி இடம் விட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்ததால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சிரித்தார்.

பெரிய மேடத்துக்குப் பொறுக்கவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, இது பொய்யில்லையா என்று கேட்டார். அப்பா சொன்னார், "பொய்தான் மேடம். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சீக்கிரமே மேல கடவுள் நேர்ல கேக்கத்தானே போறார்." மேடம் வெளியே போய்விட்டார். சார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்பா அவரையும் விடவில்லை. "சளி பிடிச்சவன் நானா நீயா? மெஷினைப் போடு" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி முடித்தார். மூன்றாவது, உங்கள் பாடம் முடிந்த பிறகு வரும் ஞாயிறு. "பாடம் நல்லா நடத்துனியா?" என்று கேட்டு, எப்போதையும் விட அதிக நேரம் இடம் விட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அவர் இப்போதே பேசி வைத்துவிட்டார் அம்மா. நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு நீங்கள் பேசியது அப்பாவோடு இல்லை. அன்றைக்கு அவரால் எழுந்து உட்கார முடியவில்லை, மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சார்தான் செல்போனை ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நீங்கள் விடுதிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டதைச் சொன்னீர்கள். அதற்கு அப்பா குரல், "நல்லது, நல்லது" என்றது. நீங்கள் சிரித்தீர்கள். "விழுந்தேன்னு சொல்றேன், நல்லதுங்கிறீங்களே! வேன் சத்தத்துல காதும் போச்சா?" என்று கேட்டீர்கள். இங்கே எல்லோரும் சிரித்தார்கள். அது உங்களுக்குக் கேட்டிருக்கும். பெரிய மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னையும் ஏதாவது பேசச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிறேன் அம்மா என்று சொன்னேன்.

போனை வைத்ததும் அப்பாவிடம் ஓடினேன். நீங்கள் பேசியதை ஒன்று விடாமல் அவரிடம் சொல்ல வேண்டும், அது என் வேலை. கால் சுளுக்கு என்றதும் தலையைத் தூக்கப் பார்த்தார். "எந்தக் கால்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் அறையில் அத்தனை பேர் நின்றோம், ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அன்றிலிருந்து யார் உள்ளே வந்தாலும் அதையே கேட்கிறார். வலது கால் என்றால் உங்களுக்குப் பழைய வலி இருக்கிறதாம், கட்டுப் போடாமல் நடக்கக் கூடாதாம்.

குறட்டை நின்றுவிட்டது. கொஞ்சம் நிறுத்துகிறேன்.

மறுபடி எழுதுகிறேன். டீச்சர் வந்து கதவைத் தட்டினார். வயிறு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். மெதுவா வாம்மா, வெந்நீர் வச்சிருக்கேன், பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். டம்ளர் வாசல் ஸ்டூலில் இருந்தது. கூடத்தில் மேஜை மேல் பார்சல் பெட்டி இருந்தது. சாயங்காலம் டீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி டேப் போட்டு ஒட்டியதை நான் பார்த்தேன். அந்த டேப்பை எப்படிச் சத்தமில்லாமல் கிழிப்பது என்றுதான் இத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தேன். பெட்டி இப்போது திறந்திருக்கிறது. முயல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. டீச்சர் அறை இருட்டாக இருக்கிறது. ஆனால் குறட்டை இல்லை.

அவரும் வாக்குக் கொடுத்தவர்தான். அதனால் நான் எதையும் பார்க்கவில்லை. நீங்களும் இதை யாரிடமும் கேட்காதீர்கள்.

பார்சல் காலையில் போய்விடும். உங்கள் கைக்கு வந்து சேரும்போது பாடத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். பாடத்தை நடத்தி முடித்துவிட்டு வாருங்கள் என்று முதலில் எழுதினேன். மேலே அடித்திருப்பது அதைத்தான். பிறகு உடனே வாருங்கள் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். நீங்கள் வந்தால் இத்தனை பேர் சேர்ந்து தூக்கியதை நான் ஒருத்தி கீழே போட்டவள் ஆவேன். அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரியவில்லை. உங்களுக்கும் என் மேல் கோபம் வரலாம். மஞ்சள் காமாலையால் ஒரு தடவை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் ஒரு தடவை, இரண்டு தடவையும் நான்தான். திட்டுங்கள் அம்மா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் இங்கே வந்து திட்டுங்கள்.

முயல் அழகாக வந்திருக்கிறது. வயிற்றைத் திரும்பத் தைக்கும்போது வெள்ளை நூலில் தைத்துவிடுங்கள். ஒரு காது மட்டும் சாய்ந்துதான் நிற்கும், பஞ்சு போதவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று அப்பா சொன்னார்.

கடவுள் உங்களையும் உங்கள் காலையும் காப்பாற்றட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் எதுவும் கேட்காதீர்கள். அந்தப் போனுக்கு எந்தக் கால் என்று கேட்கத் தெரியாது. அவர் அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதை மட்டும் நீங்களே வந்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாக்கை மீறிய
உங்கள் வாலு