சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வாருங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜொகூரிலிருந்து எவலின் எழுதுவது. மாதா தயவில் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி? பாடாங் மேஹா தோட்டத்தில் மழை விட்டதா? போனில் சொன்னால் மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஃபேக்டரியில் லிஃப்ட் கெட்டுப்போய், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். பாதியிலேயே என் தொடை கல்லாக இறுகிவிட்டது. மறுநாள் சிறுநீர் பாலில்லாத கோப்பி-ஓ நிறத்தில் போயிற்று. பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றிக் குணமாக்கிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்களுக்குத்தான் எந்நேரமும் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

தசையில் சேர்ந்த சர்க்கரையை உடைக்கும் நொதி எனக்குப் பிறவியிலேயே இல்லையாம். அம்மா உங்கள் அத்தை மகள் என்றதும் டாக்டர் கேட்டார்: "அப்பாவுக்கும் இருக்கலாம்லா. வேலை செய்யறப்ப நடுவுல உக்காந்துருவாரா?"

 செம்பனைக் குலை வண்டியைத் தள்ளும்போது நீங்கள் உட்காருவீர்கள். "ரஃபேலுக்கு உடம்பு வணங்காது" என்று வேலை வாங்கும் மண்டோர் கத்துவார். "கொஞ்சம் உக்காந்து எந்திரிச்சா காலு தானா நடக்கும்லா" என்பீர்கள். டாக்டரும் எனக்கு அதையேதான் சொன்னார்.

இந்தத் திருவிழாவில் மாதா சப்பரம் தூக்கப் பெயர் கொடுத்திருக்கிறீர்களாம். ஊர் வாயை அடைக்கத்தானே? வேண்டாம், அப்பா. கென்னத் மாமா தூக்கட்டும். முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

அம்மாவின் நெத்திலிச் சம்பல் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இங்கே எல்லாக் குழம்பும் இனிக்கிறது.

ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது. திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சப்பரத்துக்குப் பின்னால் சேர்ந்து நடப்போம். கால் இறுகினால், எல்லோரும் பார்க்க, நடுரோட்டிலேயே இரண்டு பேரும் உட்காரலாம்.

உங்கள் மகள்,
எவலின்