மான்கறிக்கு வந்த கட்சிச் சண்டை

விஸ்கான்சின்,
டிசம்பர் 9.

அன்பு மகள் இங்க்ரிடுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். மினியாபொலிஸ் குளிரில் நீ குல்லாய் போடாமல் அலையமாட்டாய் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தலைமை அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய அறிவிப்பை நேற்று அப்பா வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒட்டினார்கள். வேட்டைக்காரர்கள் தானமாகத் தரும் மானை வெட்டித் தரும் கூலியை மறுபடியும் கம்பெனியே கொடுக்குமாம். அந்தக் கறி வந்து சேரும் எங்கள் சர்ச் உணவு வங்கியில் நாங்கள் கைதட்டியே விட்டோம். இத்தனை நாளும் கறி கேட்டு வந்தவர்கள் கையில் பயறு டப்பாவைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லையடி.

உன் அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் ஜனநாயகக் கட்சி. துப்பாக்கியோடு கம்பெனி பெயர் சேரக் கூடாது என்று அவர்கள் மனுக் கொடுத்தார்கள். நன்கொடைப் பொறுப்பில் இருக்கும் நீ வெட்டுக்கூலியை நிறுத்திவிட்டாய். இங்கே பட்டறையில் எல்லாரும் குடியரசுக் கட்சி. சும்மா இருப்பார்களா? உன் அலுவலகத்தார் ஆதரிக்கும், கணவனிடம் அடிபட்ட பெண்களுக்கான விடுதிக்கு இனிச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் கையெழுத்து உன் அப்பாவுடையது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஏழைக்குப் பட்டினி.

அன்றிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. நன்றித் திருநாள் விருந்துக்கு நீயும் வரவில்லை. வான்கோழியை நாங்கள் இருவர் மட்டும் தின்று முடித்தோம். எனக்கு உங்கள் இருவர் மீதும்தான் கோபம்.

கூலி தரலாம், ஆனால் அதற்கான விளம்பரப் படத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அறிவிப்பில் நீ போட்ட நிபந்தனை பட்டறையில் பெரிய சிரிப்பாகிவிட்டது. "அப்போ மான் தானா வந்து கத்தில விழுந்துச்சுன்னு போடச் சொல்லுங்கடா" என்றாராம் வெல்டர் டுவெய்ன். அப்பாதான் அதட்டினாராம்: "வாய மூடுறா. என் பொண்ணு அங்க அத்தன பேர எதிர்த்து நின்னு வாங்கிக் குடுத்திருக்கு. மொதல்ல விடுதிக்குப் பணம் பிடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடு." எல்லாரும் போட்டுவிட்டார்கள். எனக்கு நேற்றுதான் நிம்மதியான தூக்கம்.

கிறிஸ்துமஸுக்கு வா. அவர் வாய்விட்டுக் கூப்பிடமாட்டார். ஆனால் நேற்று மாலை தனியாகக் கடைக்குப் போய், நீ கறி தொடமாட்டாய் என்று டோஃபு என்ற சோயாக் கட்டி வாங்கி வந்திருக்கிறார். மான்கறி வைக்கும் குளிர்ப்பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கி அடுக்கிவிட்டு, "இத எப்படிச் சமைக்கிறதுன்னு கேளு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

எனக்கும் தெரியாது மகளே. நீயே வந்து அவருக்குச் சொல்லிக்கொடு. சாலை வழுக்கும், நிதானமாக ஓட்டி வா. கர்த்தர் உன் வழித்துணையாக இருப்பாராக.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா மார்லிஸ்