வலது கால் கியர்

பிப்ரவரி 4

அன்புள்ள அம்மா,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சித்தி என் மேல் கோபமாக நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு பெரிய விஷயம் சொல்லியும் நான் "ம்" என்று மட்டும் சொன்னேனாம். "உங்கம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டப் போறான்னு சொல்றா, நீ என்னமோ காய்கறி விலை கேட்ட மாதிரி நிக்கிற" என்று திட்டித் தீர்த்தாள். போனைக் காதில் வைத்தாலே எனக்குப் பேச வருவதில்லை. அது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நகரத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தரை துடைப்பதை விட்டுவிட்டு, ரத்த மாதிரிகளைப் பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டுபோகும் வேலை உனக்குக் கிடைத்தால் முழங்கால் வலியாவது குறையும். பெட்ரோல் டாங்கியில் மீன்கொத்திப் படம் போட்ட வண்டி என்று சொன்னாயே, அது எங்கள் கம்பெனி வண்டிதான். அதன் கியர் பெட்டி நான் நிற்கிற லைனில் பூட்டியதாகத்தான் இருக்கும். ஒருவேளை என் கையே பட்டதாகவும் இருக்கலாம். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லத் தோன்றுகிறது. முதலில் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

கிளட்சுக்குப் பயப்படாதே. இன்ஜின் ஓயாமல் சுற்றும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்சின் வேலை. உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. லீவரைப் பிடித்தால் விலகும், விட்டால் ஒட்டும். சட்டென்று விட்டால் ஒரே அடியாக ஒட்டி வண்டி துள்ளும். தூங்குகிற குழந்தையின் தலைக்குக் கீழேயிருந்து கையை உருவுவாயே, அப்படி விடு.

உன் மகள்

பிப்ரவரி 19

என் ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் வந்தது. போனில் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம், காகிதத்தில் ஒரு பக்கம். குழந்தை தலை என்று எழுதியிருந்தாயே, அதன் பிறகு ஒருமுறைகூட வண்டி துள்ளவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் கனத்த உடம்புக்காரர், வெயில் இல்லாவிட்டாலும் குடையோடு நிற்பார். "இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். என் பெண் என்றேன்.

ஆனால் நேற்று வண்டி ஓட்டும் முதல் தேர்வில் தோற்றுவிட்டேன். கிளட்சால் இல்லை. என் வலது கால் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. கியர் இடது காலில் என்று வாய் சொல்கிறது, மனசும் சொல்கிறது. வண்டி வேகம் எடுத்ததும் வலது கால் தானாகக் கீழே அழுத்துகிறது. அங்கே இருப்பது பிரேக். வண்டி அப்படியே நின்று, நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். கைமுட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. குடைக்காரர் கேட்டார், "நீங்க முன்ன பழைய வண்டி ஏதாவது ஓட்டியிருக்கீங்களா?" நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

இன்னும் இரண்டு முறை தேர்வுக்குப் போகலாம். அதற்குள் தேறியாக வேண்டும். ஏன் என்று சித்தியிடம் சொன்னேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு அறை வைத்த வீடு தருகிறார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். நீ இங்கே வந்துவிடலாம். மாலையில் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, விட்ட படிப்பைத் தொடரலாம். அங்கே நாள் முழுக்க நின்று நட்டு முடுக்கியது போதும். அப்பா போன பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே கூரையில் இருந்த நாள் எத்தனை, சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 3

அன்புள்ள அம்மா,

சிராய்ப்புக்கு மருந்து போட்டாயா? உன் காலைப் பற்றித்தான் நாள் முழுக்க யோசித்தேன். லைனில் என் பக்கத்தில் நிற்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. "வாய்க்கு வாடகை குடுத்தாக்கூட நீ பேச மாட்டியா?" என்று தினமும் கேட்பாள். நேற்று நானாகவே போய், "அக்கா, கியர் வலது பக்கம் இருக்கிற வண்டி உண்டா?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். பதில் தெரிந்ததால் இல்லை, நான் கேட்டதால்.

பதில் எங்கள் கம்பெனி முன்கூடத்தில் இருந்தது. பழைய வண்டிகளை அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். கேன்டீனில் கூட்டம் என்பதால் நான் அங்கேதான் சாப்பிடுவேன். கம்பெனி முதலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்தான் செய்ததாம். ஒரு வருஷம் மழை கொட்டித் தீர்த்ததில் பம்பு வாங்க ஆளில்லை. மிஞ்சிய இன்ஜினைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு சக்கரத்துக்கு நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் முதல் வண்டி. அதன் கியர் வலது பக்கம். அந்தக் காலத்தில் கியரை எந்தப் பக்கம் வைப்பது என்பது அவரவர் இஷ்டம். பிறகு எல்லா வண்டிக்கும் இடது பக்கம்தான் என்று சட்டம் வந்தது. இன்ஜினைத் தூக்கி எறிய மனசில்லாமல், வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு இன்ஜினின் அடியில் ஒரு நீளத் தண்டு ஓட்டினார்கள். லைனில் அதைப் பாலம் போட்ட வண்டி என்பார்கள். அதற்கும் பிறகுதான் இடது பக்கத்தையே மனசில் வைத்து வரைந்த புது இன்ஜின் வந்தது. நீ ஓட்டுவது அது.

முதல் வண்டியின் முன்னால் நின்று பார்த்தேன் அம்மா. கறுப்பு டாங்கி, வட்ட விளக்கு. அப்பா வைத்திருந்தது அந்த மாதிரி வண்டிதான். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றதெல்லாம் வலது காலால் கீழே அழுத்த வேண்டும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வண்டி சாயும் என்று அப்பா உன்னை இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காரச் சொல்வார். உன் முழங்கால் அவர் காலோடு ஒட்டியிருக்கும். வேகம் எடுக்கும்போதெல்லாம் அவர் வலது கால் அழுத்தியிருக்கிறது, கூடவே உன் காலும். நீ ஓட்டியதே இல்லை என்று யார் சொன்னது? அத்தனை வருஷமும் பின் சீட்டிலிருந்து ஓட்டியிருக்கிறாய்.

எனக்கு ஒரு யோசனை. சிரிக்காதே. பின் சீட்டில் படிந்த பழக்கம் பின் சீட்டில்தான் மாறும். புது வண்டி நன்றாக ஓட்டுகிற யார் பின்னாலாவது கொஞ்ச நாள் உட்கார்ந்து போ. அவர்களுடைய இடது காலைக் கவனி.

உன் மகள்

மார்ச் 21

கண்ணே,

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் பிரித்தது தப்பு. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேலதிகாரி அம்மாள் வந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். இல்லை, ஒரு கியர் விஷயம் என்றேன்.

உன் அப்பாவின் வலது ஷூ மேல்பக்கம்தான் முதலில் தேயும். கட்டை விரலுக்கு மேலே ஓட்டையே விழுந்துவிடும். தோல் துண்டு வைத்து நான்தான் தைப்பேன். இடது ஷூவைத் தைத்ததே இல்லை. இத்தனை தைத்தும் அது ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நடக்கிறபோது காலை இழுக்கிறார் என்று நினைத்து, "காலைத் தூக்கி நடங்க" என்று சண்டை வேறு.

நீ சொன்னபடி செய்தேன். குடைக்காரர் தன் பின்னால் உட்காரச் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. அவர் நல்லவர். ஆனாலும் உன் அப்பா ஒருவருக்குப் பின்னால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் வடக்குப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு மாதிரிப் பெட்டி கொண்டுபோகிற பெண் ஒருத்தி ஏற்றிக்கொண்டாள். காற்றாகப் போகிறவள். முதல் நாள் அவள் கியர் மாற்றும்போதெல்லாம் என் வலது கால் துடித்தது. "ஏங்க, பின்னாடி டான்ஸ் ஆடுறீங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது காலுக்கு உயிர் வந்தது. நேற்று வலது கால் அசையவே இல்லை. அசையவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. உன் அப்பாவின் கால் எப்படி அழுத்தும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

இன்று காலை இரண்டாவது தேர்வில் கால் சரியாக இருந்தது, ஆனால் கோட்டில் நிறுத்திய பிறகு நியூட்ரல் விழவில்லை. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் மாறி மாறிப் போகிறது. மிச்சம் இருப்பது ஒரே தேர்வு. அதற்கும் ஒரு வழி சொல்.

இன்னொன்று. வீட்டைப் பற்றி எழுதினேனே, நீ ஒரு வரிகூட பதில் எழுதவில்லை. ஊமைத்தனம் காகிதத்துக்கும் வந்துவிட்டதா? தேறியதும் உன் பெயரைக் கொடுக்க வேண்டும்.

அம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

முதலில் நியூட்ரல். கியர் பெட்டிக்குள் டிரம் என்று ஓர் உருளை இருக்கிறது. நான் தினமும் பூட்டுவது அதைத்தான். அதன் மேல் வளைந்து வளைந்து பள்ளங்கள் ஓடும். நீ ஒருமுறை மிதித்தால் உருளை ஒரு படி திரும்பும். ஒவ்வொரு கியருக்கும் ஓர் ஆழமான குழி, அதில் போய் நன்றாக உட்காரும். நியூட்ரலுக்கு மட்டும் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மேலோட்டமான குழி. வேகமாகத் தூக்கினால் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் வண்டி முழுதாக நிற்பதற்குள், மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே, முதல் கியரிலிருந்து கால் விரலால் பாதி அளவு மட்டும் தூக்கு. மிதிக்கிறோம் என்று நினைக்காதே, தொடுகிறோம் என்று நினை. விழும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று காகிதம் கிழித்தாயிற்று. சித்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் சூப்பர்வைசர் லைனுக்கு வந்தார். "டெஸ்ட் ரூமுக்கு ஒரு ஆள் வேணும். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உட்காரணும். யார்கிட்டயும் பேச முடியாது. யாரு வர்றீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வானொலி, "சார், அதுக்கு என்னைய ஜெயில்ல போடுங்க" என்றாள். என் கை மேலே இருந்தது. நானே அதை அப்போதுதான் பார்த்தேன். வானொலி திரும்பிப் பார்த்து, "இவ கை தூக்குறாளா, தலைய சொறியுறாளா?" என்றாள்.

"ஏம்மா, நிஜமாத்தானா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார்."

"சொல்லிக் குடுத்து ஆளாக்க ரெண்டு வருஷம் ஆகும். பாதியில விட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடு."

"போக மாட்டேன் சார்."

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் அம்மா. பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறக்காததற்கு எத்தனை முறை நிற்க வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். டெஸ்ட் ரூமில் வாய் திறக்காமல் இருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இன்ஜின் பேசும்போது நான் கேட்டால் போதும். சரியாக இருக்கிற இன்ஜின் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் போடும். அதில் ஏதாவது ஒன்று தனியாகக் கேட்டால் எனக்குச் சட்டென்று தெரிகிறது.

நீ தேற வேண்டும். நான் வர வேண்டாம். இரண்டும் ஒரே மனசில் இருக்கின்றன. எதையும் மறைக்கத் தெரியவில்லை.

உன் மகள்

மே 5

அம்மா,

பதில் வரவில்லை. ஞாயிறன்று போனில் சித்தியோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாய். தேர்வு என்ன ஆயிற்று என்று சித்திக்கும் சொல்லவில்லையாம். "ரெண்டு பேரும் ஊமையாகிட்டா நான் யார்கிட்ட பேசுறது?" என்று சித்தி முறைக்கிறாள்.

திட்டியாவது எழுது. நான் வந்தே ஆக வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்கிறேன். சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் போகிறேன்.

நான்

மே 16

கண்ணே,

சூப்பர்வைசரிடம் போகாதே.

கோபமே இல்லை என்று சொன்னால் பொய். பேசாத பெண் முதன்முதலாகப் பேசியது யாரோ ஒருவரிடம், அதுவும் என்னிடம் வர மாட்டேன் என்று சொல்வதற்கு. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் போட்டேன், பிறகு எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன், கண்ணில் படாத இடம் இந்த அறையில் இல்லை.

தேர்வில் தேறிவிட்டேன். நியூட்ரல் நீ சொன்ன மாதிரி விழுந்தது, சத்தம்கூட இல்லாமல். குடைக்காரர் குடையை மடக்கிவிட்டுக் கை கொடுத்தார். அன்றைக்குக்கூட உனக்கு எழுதவில்லை, பார்த்தாயா, அவ்வளவு வீம்பு எனக்கு.

போன திங்கட்கிழமை முதல் நாள் வேலை. பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போது என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்ன என்று தெரிந்தது. முன்னால் முதுகு இல்லை. இத்தனை வருஷம் உன் அப்பாவின் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் நான் ரோட்டைப் பார்த்திருக்கிறேன். ரோடு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. இறங்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அங்கேயே உன் கடிதத்தை மறுபடி ஒருமுறை மனசுக்குள் படித்தேன். நீ ஏன் கை தூக்கினாய் என்று அப்போது புரிந்தது.

சாயங்காலம் வீட்டுச் சாவிக்காக ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "கூட யாராவது வர்றாங்களா? ரெண்டு ரூம் வீடு ஒண்ணு காலியா இருக்கு" என்றார்.

உன் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லீங்க. எனக்கு ஒரு ரூம் போதும். பொண்ணு ஊர்ல வேலையில இருக்கா."

வேலையில் இருக்கிறாள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"இன்ஜின் டெஸ்ட் பண்றா. நீங்க எனக்குக் குடுத்திருக்கீங்களே, அந்த வண்டி கம்பெனியில."

அம்மா