தூளுக்குள் இருபது வருசம்

கதிர்காமத்தான் துணை

பதுளை,
9.11.1979

அன்பு மகன் ஜெயரட்ணத்துக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி யோகமும் கந்தன் புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர்தேசத்தில் நீயும் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே பத்து நாளாக ஒரே மழை. யோகம் அப்புத்தளையில் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து திங்கள் விடியப் போகிறவள், போன வாரம் பாதையில் மண் சரிந்து சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தாள், செருப்பெல்லாம் சேறு. தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸை விட்டு வந்த பிறகு இந்த இரண்டு அறை வீடு எனக்கு இன்னும் பழகவில்லை, கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்திருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, அதை ஒளித்து எழுத எனக்குத் தெரியாது.

அப்பாவுடைய கிட்டாரை யாரும் தொடவேண்டாம், பழைய சாமான் பழையபடியே இருந்தால்தான் மதிப்பு, கம்பியைக்கூட மாற்றக் கூடாது, பெட்டியோடு அப்படியே கப்பலில் அனுப்பினால் கண்ணாடி அலுமாரி செய்து சுவரில் வைப்பேன், அப்பா வாசித்த கிட்டார் என்று சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைக்கார வெள்ளைக்காரன் ஒருவன் உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரியாதது போகட்டும், உனக்குமா தெரியாது? அப்பா வாசித்த கிட்டாரா? உன் அப்பா ஒரு விசில்கூட அடித்து நான் கேட்டதில்லை. அது என்னுடைய கிட்டார். வாசித்தது நான்.

நீ நம்பமாட்டாய், அதனால் ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயதில், பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, சீமைக்கே திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரத் துரைசானியிடமிருந்து என் அப்பா, உன் தாத்தா, அதை வாங்கித் தந்தார். மற்றக் கிட்டார் போல் மார்பில் அணைத்து வாசிப்பதல்ல, மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், அப்போது அது மனிதர் குரல் மாதிரி இழுத்துப் பாடும். பரிசளிப்பு விழாவில் மூன்று வருசம் நான்தான் வாசித்தேன். கல்யாணமாகி தோட்டத்துக்கு வரும்போது டிரங்குப் பெட்டியோடு அதையும் கொண்டுவந்தேன். உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போனால் மாலையில் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் வேலை முடிந்து வந்து கால் கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். உனக்கு நாலு வயது. தோட்டத்து மேனேஜர் பெரிய துரை மாற்றலாகிப் போகிறார் என்று ஸ்டாப் கிளப்பில் பிரியாவிடை வைத்தார்கள், துரை என்னை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மறுநாள் விடிய ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், அத்தனை ஆளுக்கு முன்னால், கணக்கப்பிள்ளை ஒருவன் நம்ம டீமேக்கரய்யா இனிப் பொஞ்சாதியக் கிளப்புக்கு அனுப்பியே பொழச்சுக்குவாரு என்று சிரித்திருக்கிறான். உன் அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் கிணற்றடியிலிருந்து வந்து பார்க்கிறேன், கிட்டார் இருந்த இடம் வெறுமை. எங்கே என்றேன். என் பேரைச் சொல்லி, பத்திரமா இருக்கு குணம் என்றார். அவ்வளவுதான். கேட்டபோதெல்லாம் அதே பதில், பத்திரமா இருக்கு. ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். அடித்துப் பிடுங்கியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், அந்த மனுசன் சத்தமே போடாமல் செய்துவிட்டார். அந்த இரும்புத் துண்டு மட்டும் அவர் கையில் அகப்படவில்லை, நான் பருப்பு டின்னுக்குள் போட்டிருந்தேன். நீயும் தங்கச்சியும் காய்ச்சலில் படுத்தபோதெல்லாம் ரசத்துக்கு மிளகு தட்டியது அதில்தான். இருபது வருசம் அது மிளகுதான் தட்டியது.

இந்த மாசியில் உன் அப்பா கண்ணை மூடியபிறகு தொழிற்சாலைக்காரர் அவருடைய சாமான்களை லொறியில் அனுப்பினார்கள். அதில் ஒரு நீளப் பெட்டி. இரண்டு தேயிலைப் பெட்டியைப் பிரித்து ஆசாரியைக் கொண்டு ஒன்றாக அடித்தது, உள்ளே ஈயத்தாள் வைத்து மூலையெல்லாம் ஒட்டி, மூடிமேல் கறுப்பு மையில் பொன்னையா, டீமேக்கர் என்று அவர் கையெழுத்து. யோகம் அதைப் பார்த்துத்தான் அப்பாவுடைய கிட்டார் என்று உனக்கு எழுதியிருக்கிறாள், நானும் வாயைத் திறக்கவில்லை, என் பிழைதான். பெட்டி நிறையத் தேயிலைத் தூள், தூளுக்குள்ளே கிட்டார். மேல் பலகை நடுவால் நீளத்துக்கு வெடித்து, கழுத்து கழன்று, முதுகுப்பலகை ஓரமெல்லாம் பசை விட்டுக் கிடந்தது. இருபது வருசம் கவனிக்காமல் விட்டதால்தான் இப்படி என்று அன்றைக்கு நான் அவரைத் திட்டாத திட்டில்லை. செத்தவரைத் திட்டினேன், கந்தன் பொறுக்கட்டும்.

அப்புறம் ஒருநாள் இராக்கம்மா வந்தாள், தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் இருந்தவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள். பெட்டியைப் பார்த்ததும், அம்மா இது அய்யாவோட பெட்டியாச்சே, வருசா வருசம் மழைக்கு முந்தி இதத் தொறந்து பழைய தூளக் கொட்டிட்டு அடுப்புலருந்து வந்த சூட்டோட புதுத்தூள் போடுவாருங்க, கழிவு இல்லீங்க, மொதத் தூளு, எங்களக் கிட்டக்க விடமாட்டாரு, அவரே கையால வாருவாரு என்றாள். மறுகிழமையே அதைப் பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆர்மோனியம் பழுதுபார்க்கிற முஸ்லிம் பெரியவர் பலீல் நானாவிடம் காட்டினேன். அவர் வெடிப்பில் விரலை வைத்துத் தடவி, முகர்ந்து பார்த்து, தங்கச்சி, இது ஈரத்துல கெட்ட சாமான் இல்ல, காஞ்சு வெடிச்சிருக்கு, தேயிலத்தூள் இருந்த ஈரத்தையெல்லாம் குடிச்சிப் போட்டிருக்கு, மரத்துக்கும் கொஞ்சம் ஈரம் வேணுமே, யாரு இத இப்பிடிக் காய வெச்ச என்று கேட்டார். யாரென்று சொல்லுவேன். ஈரம் பட்டால் தேயிலை கெடும் என்பது உன் அப்பாவுக்குத் தெரிந்த தொழில், தேயிலையைக் காப்பாற்றுகிற மாதிரியே இதையும் காப்பாற்றியிருக்கிறார். கெடுக்க வேண்டும் என்று வைத்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும், ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இருபது தரம் மூடியைத் திறந்திருக்கிறார், இருபது தரம் கையால் தூள் வாரியிருக்கிறார், ஒரு தரம்கூட அதை எடுத்து வந்து என் மடியில் வைக்கத் தோன்றவில்லை. இதை நினைத்தால் வயிறு எரிகிறது மகன், அழுகையும் வருகிறது, இரண்டில் எது முந்தி வரும் என்று எனக்கே தெரியவில்லை.

பலீல் நானாவும் நீ எழுதியதைத்தான் முதலில் சொன்னார், தொடாமல் வைத்தால் பழம்பொருள், பலகை மாற்றினால் வாசிக்கலாம் ஆனால் பழைய சாமான் என்ற பேர் போய்விடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உன் கடிதம் வரும்வரை யோசித்தேன் என்பது உண்மை, நீ வேண்டும் என்றால் உனக்கே அனுப்பிவிடலாம் என்றுகூட இருந்தேன். பத்திரமாக வையுங்கள் அம்மா என்று நீயும் அதே சொல்லை எழுதியிருந்தாய். அன்று பகலே குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய், மாற்றுங்கள் நானா என்று சொல்லிவிட்டு வந்தேன். மேல்பலகை புதிது, கம்பி புதிது, பசை புதிது. ஒன்றை மட்டும் தொடவேண்டாம் என்றேன். உள்ளே முதுகுப்பலகையில் ஒட்டிய ஒரு காகிதம், பழுப்பேறிக் கிடக்கிறது, நானா அதைச் சுரண்டிவிட்டுச் சாயம் பூசலாம் என்றார், சத்தம் போட்டேன். அது பதினாறு வயதில் நான் எழுதி ஒட்டியது.

போன சனிக்கிழமை வாசித்தேன். விரல் மடங்கவில்லை, பழைய சத்தமும் இல்லை, புதுப்பலகை கொஞ்சம் கரகரக்கிறது, கம்பியைத் தொடும்போது ஓட்டைக்குள்ளிருந்து தேயிலை வாசம் அடிக்கிறது. இரும்பில் மிளகு தட்டிய பள்ளம் விழுந்திருக்கிறது, அது கம்பியில் தட்டுப்படுகிறது, தேய்த்துத் தரச் சொல்லவேண்டும். நல்லாயில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் நிறுத்தவில்லை. யோகம் சேற்றுச் செருப்போடு வாசலில் வந்து நின்றவள், அப்படியே நின்று, அம்மா ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கேட்கிறது. அவள் பிறந்ததிலிருந்து ஒன்றாகத்தான் இருந்தோம்.

ஆகையால் கிட்டார் வராது, எதிர்பார்க்காதே. அப்பாவுடையது வேண்டுமென்றால் பெட்டியை அனுப்புகிறேன், அதுதான் அவருடையது, மூடியில் அவர் கையெழுத்து இருக்கிறது, உள்ளே கடைசியாக அவர் வாரிப்போட்ட தூளிலும் கொஞ்சம் விட்டு வைக்கிறேன். கண்ணாடி அலுமாரியில் வை, சிநேகிதர்களுக்குக் காட்டு, யாருக்காக வாரிப்போட்டார் என்பதையும் சொல். கோபத்தில் எழுதிவிட்டேன் என்று மனம் சுணங்காதே, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, மாதம் ஒரு கடிதமாவது எழுது. கதிர்காமத்தான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். மறந்துவிடாதே, அந்தத் தூள் பழசு, ஆசைக்குக்கூடத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடாதே.

இப்படிக்கு, அந்தக் காகிதத்தில் உள்ளபடி,
எஸ். குணமணி,
பெண்கள் மிஷன் பாடசாலை, பதுளை, 1951
(உன் அம்மா)