நைசாகப் பேசத் தெரிந்தவளுக்கு

இன்று காலை கிரைண்டர் மூடியைத் திறந்து தோசைமாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அரிசி இன்னும் நறநறவென்றுதான் இருந்தது. "அரே, நைசா அரைய விடு டீ, எதுக்கு அவசரம்?" என்று பின்னால் நின்று சொல்ல நீ இல்லை. திரும்ப ஓட விட்டேன்.

இந்த நைஸ் என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறோம், பார். மாவு நைசாக இருக்க வேண்டும். புடவையைத் தடவி "நைசா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் கடைக்காரர் விலையைக் குறைக்கவே மாட்டார். ஹோட்டலில் பில் வரும் நேரத்துக்கு நைசாக நழுவுகிறவர் என் ஆபீசிலேயே ஒருவர் இருக்கிறார். அப்புறம், நைசாகப் பேசிக் காரியத்தை முடிப்பது. அதில் உன்னை மிஞ்ச நம் வாகட் பகுதியிலேயே ஆள் கிடையாது. என் வாயோ புதிதாகக் கொத்திய அம்மி.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. வாரம் முழுக்க ஆபீஸ் போய்வர ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் கிடப்பவளுக்கு ஞாயிறு காலைதான் மாவரைக்க நேரம். கிரைண்டர் சத்தம் தாங்காமல் கீழ் வீட்டு மராத்திக்கார அம்மா, எல்லோருக்கும் காக்கூ (நம் சித்தி மாதிரி), மாடியேறி வந்து கத்தினார். எனக்கு மராத்தி சுத்தமாகத் தெரியாது, இந்தியும் அப்போது அரைகுறை. எதிர் வீட்டிலிருந்து நீ ஓடி வந்தாய். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி, இரண்டு பாஷையும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா இந்தப் பொம்பளைக்கு? காதுல பஞ்ச வெச்சுக்கச் சொல்லு!" என்றேன்.

நீ மராத்தியில் ஏதோ நீளமாகச் சொன்னாய். காக்கூவின் முகம் இளகியது. அவரும் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் லேட்டா ஓட்டினா போதுமாம். மாவு வாசனை நல்லா இருக்காம்" என்றாய் என்னிடம்.

உடனே ஒரு டப்பா மாவு கொடுத்தேன். அந்த டப்பா மறுவாரம் பூரண்போளியோடு திரும்பி வந்தது. பிறகு சாயங்காலமானால் கீழே பெஞ்சில் மூன்று பேரும்தான், நடுவில் நீ. அவர் பேசுவார், நான் பேசுவேன், இரண்டையும் நீ மாற்றிச் சொல்வாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் காக்கூ என் வீட்டுக்கு வந்தார். நடுவில் பேச ஆள் இல்லை. எனக்குப் புரியட்டும் என்று இந்தியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். கிரைண்டர் சண்டை நடந்த அன்றைக்கு அவர் மிஷினைத் தூக்கி வெளியே எறிவேன் என்றாராம். அதற்கு நான், "உங்கள் மகள் மாதிரி நினைத்து மன்னித்துவிடுங்கள்" என்றேனாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? நான் அப்படிச் சொல்லவில்லை, காதில் பஞ்சை வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன் என்று என் ஓட்டை இந்தியில் உளறிவிட்டேன். அடுத்த நொடியே பயம் வந்தது. உன்னோடு இந்த ஒரு சிநேகிதமும் போய்விட்டால் இந்த ஊரில் வீட்டுக்காரரைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

"மாலூம் தா" என்றார் காக்கூ. அன்றைக்கே தெரியுமாம், என் முகம்தான் காட்டிக்கொடுத்ததாம். "உனக்காக ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்றால் நீ அப்படி ஒன்றும் மோசமானவளாக இருக்க மாட்டாய் என்று நினைத்தேன்" என்றார் என்னிடம். இரண்டு பேரும் உன்னை நினைத்து அழுதோம். அதற்கு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து என் மாமியார் வந்தார். பார்க்க வந்த காக்கூ சுடச்சுட அவல் போஹா கொண்டுவந்தார். அத்தை ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன கண்ணு, அவல இப்புடியா செய்வாங்க? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல."

என்ன சொல்கிறார் என்று காக்கூ என்னைக் கேட்டார். உன்னை நினைத்துக்கொண்டேன். "ரொம்ப நன்றாக இருக்கிறதாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்" என்றேன் இந்தியில்.

காக்கூ அத்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. சிரித்துக்கொண்டே அத்தையின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.