முப்பத்தொன்று இன்னும் வரவில்லை

03.10.1988, திங்கள், டீட்டிகோன், சுவிஸ்

குசினிச் சுவரில் இன்னொரு தாள். என்ரை மனுசன் நோபேட், கலண்டரின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை எழுதி, சனிக்கிழமை லோட்டோச் சீட்டிழுப்பில் விழுந்த ஆறு ஆறு இலக்கங்களுக்கெல்லாம் புள்ளி வைக்கிறார். பழைய முடிவுகளை, தான் கோப்பை கழுவும் ரெஸ்ரோறன்ரில் கிடக்கும் பேப்பர்களில் இருந்து சேர்த்தவர்.

"முப்பத்தொண்டு ஆறு மாசமா வரேல்லை, அன்னம். இனி வரத்தான் வேணும்."

மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கராக இருந்த மனுசன். இங்கே கையெல்லாம் சவர்க்காரத்தில் வெடித்துக் கிடக்கிறது. ஒரு பராக்கு, இருக்கட்டும் என்றுதான் விட்டேன்.

09.10, ஞாயிறு

நேற்று நாலு இலக்கம் சரி. கிடைத்தது ஒரு நாள் சாப்பாட்டுச் சாமானுக்குக் காணும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்று மாதா கோயில் பூசைக்கும் வரவில்லை. மற்ற அறையில் இருக்கும் தயாபரனும் வரவில்லை. இருவரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள்.

12.10, புதன்

தயாபரன் கலியாணம் கட்டி மூன்று மாதத்தில் இங்கே வந்தவன். மனைவி சுகந்தி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிறாள். அவளைக் கூப்பிடத்தான் சாப்பாட்டைக் குறைத்துக்கூடச் சேர்க்கிறான். இப்போது ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிற ஏஜென்சிக்காரன் விலையைக் கூட்டிவிட்டானாம்.

நோபேட் அவனுக்கு வழி சொல்லியிருக்கிறார். நெடுநாள் வராத பதினாலு இலக்கங்களை எடுத்து, எல்லா விதமாகவும் சேர்த்து ஒரே சனிக்குப் போடுவது. அவன் சேர்த்த முழுக் காசுக்கும்! வாற கிழமை, இருபத்திரண்டாம் திகதி.

"அது சுகந்தி வாற காசு," எண்டன்.

"நான் என்ன கள்ளனோ? கணக்குத் தெரிஞ்சுதான் சொல்லுறன். நீர் பேசாம இரும்."

தயாபரன் என்னைப் பார்த்தான். "அண்ணை பிழை விடமாட்டார் அக்கா."

13.10

துப்புரவு வேலையில் ஒரே மேசையை இரண்டு தரம் துடைத்தேன்.

15.10, சனி

இருவரும் வேலைக்குப் போன பிறகு தையல் பெட்டியைக் கொட்டினேன். நாற்பத்தைந்து பொத்தான், ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி அரிசிப் பானைக்குள் போட்டேன். கண்ணை மூடி ஆறு எடுப்பது, எழுதுவது, திரும்பப் போட்டுக் குலுக்குவது. கை உளையும்வரை எடுத்தேன்.

எட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இருபத்தேழு வரவே இல்லை. என்ரை கைதானே? அடுத்தது இருபத்தேழுதான் என்று நானும் நினைத்தேனே! வரவில்லை.

17.10, திங்கள்

பொத்தான் இலக்கங்களை எழுதின தாளை நோபேட்டிடம் கொடுத்தேன். ஒஸ்திரியா நாட்டு லோட்டோ முடிவுகள், பேப்பர் விக்கிற கியோஸ்க் மனுசி தந்தவ எண்டு சொன்னன். பொய். கட்டின மனுசனுக்கு.

அப்படி ஒரு சந்தோசம் அவருக்கு. சாப்பிடாமலே இருந்துவிட்டார்.

19.10, புதன்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றமுதலே கூப்பிட்டார். "அன்னம், இஞ்சை வாரும்! எட்டு ஓடிக்கொண்டு நிக்குது, இருபத்தேழு படுத்திட்டுது. அங்கையும் இதே விதிதான்! நான் சொல்லேல்லையோ?"

தயாபரன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். நான் பானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"கையை விட்டு எடுங்கோ."

எடுத்தார். உள்ளங்கையில் பொத்தான்களைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன இது?"

"உங்கடை ஒஸ்திரியா."

அடிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த பொத்தான்கள் நிலத்தில் உருண்டன. ஜக்கெற்றையும் எடுக்காமல் இறங்கிப் போனார்.

குனிந்து பொறுக்கித் தந்தது தயாபரன்தான். "அக்கா, இது பொத்தான். அது மெசின். ரெண்டும் ஒண்டோ?"

20.10

சுவர் வெறுமையாக இருக்கிறது. நோபேட்தான் கிழித்தார். என்னோடு கதைக்கவில்லை. தயாபரனிடம் மட்டும், "விடடா தம்பி. எல்லாம் பேய்க்கணக்கு," என்றார்.

"ஓம் அண்ணை," என்றான். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

22.10, சனி

எழுதத்தான் வேண்டும்.

தயாபரன் நேரத்தோடு வந்து, ஜக்கெற்றோடு ரீவிக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். ரீவி ஓடவில்லை. அவனே போட்டான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோபேட்டுக்கும். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

குண்டுகள் உருண்டன. ஆறு குண்டு. அவன் போட்ட பதினாலில் இரண்டுதான் வந்தது. முப்பத்தொன்று வரவில்லை.

"எல்லாமோடா?"

"எல்லாம் அண்ணை." கோபம் இல்லை அவன் குரலில். அதுதான் தாங்கேலாமல் இருந்தது. "விடச் சொன்னனீங்கள்தான். விட்டிட்டு வேறை என்னத்தைப் பிடிக்கிறது?"

நோபேட் பக்கத்தில் போய் இருந்தார். ரீவியில் பாட்டு நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. ஒருவரும் நிப்பாட்டவில்லை.

அந்தப் பானையை முதல் நாளே மேசையில் வைத்திருந்தால்? ஏன் இரண்டு நாள் விட்டேன்? அவர் சந்தோசத்தைப் பார்க்க ஆசைப்பட்டேனோ?

23.10, ஞாயிறு

எங்கள் பூசை முடிந்து இத்தாலிக்காரரின் பூசை தொடங்கியும் நோபேட் கோயில் வாங்கை விட்டு எழும்பவில்லை.

02.11, புதன்

இன்றுதான் என்னோடு கதைத்தார். "பேக்கரியிலை விடியப்புறம் ஆள் தேவையாம். கேட்டிட்டன். அந்தச் சம்பளத்தை நாங்கள் தொடப்படாது. விளங்குதோ?"

"ஓம்," எண்டன்.

தயாபரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாதம் முடிய காசை அவன் தலையணைக்குக் கீழே வைத்தால் அவனுக்கே விளங்கும்.

09.09.1989, சனி

சுகந்தி வந்து மூன்றாம் நாள். இத்தாலிப் பக்கத்தால் வந்தவள். இன்னும் இருமல் விடவில்லை. காலையில் எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டிருந்தாள். நோபேட் பேக்கரி வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த வேலைக்குச் சப்பாத்துப் போட்டார்.

"நோபேட் அண்ணைக்கு ஏன் அக்கா ரெண்டு வேலை? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

தயாபரன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கேட்டதைவிட அவன் திரும்பினது எனக்குச் சுட்டது.

"அவருக்குப் பாண் வாசம் பிடிக்கும் பிள்ளை," எண்டன்.

நோபேட் கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போயிட்டு வாறன் என்றார். போன ஐப்பசிக்குப் பிறகு எனக்குச் சொல்லாத சொல்.